ஹட்டனிலிருந்து கையொப்பமிடுதல்: ஒரு யூ.எஸ்.பி. டோக்கனும் அதன் சான்றிதழ்ச் சேவையும்

கொழும்பில் இயங்கும் ஒரு சான்றிதழ் வழங்குநரிடம் பெற்ற டிஜிட்டல் கையொப்பச் சேவையை இங்கே மதிப்பிடுகிறேன். ஹட்டன் நகரில் சிறு வணிகர்களுக்கும் தேயிலைச் சிறுதோட்ட உடைமையாளர்களுக்கும் கணக்கு எழுதிக்கொடுக்கும் எமது அலுவலகத்தில் முதற் சான்றிதழின் காலம் முடிந்து, புதுப்பித்த சான்றிதழ் இப்போது பயன்பாட்டில் இருக்கிறது. சேவை என்பது மூன்று பொருட்களைச் சேர்த்து: பென் டிரைவ் அளவிலான ஒரு யூ.எஸ்.பி. டோக்கன், அதற்குள் ஏற்றப்படும் சான்றிதழ் (கையொப்பம் இன்னாருடையது என்று உறுதிகூறும் மின்கோப்பு), கணினியில் நிறுவவேண்டிய மென்பொருள். வழங்குநரின் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். கீழே சொல்லப்படும் குறைகளில் பாதி அவர்களுடையவை, மீதிப் பாதி எல்லா அலுவலகங்களிலும் ஊறிப்போன பழக்கங்கள்.

மலையகத்தில் இருந்துகொண்டு கொழும்போடு தொழில் செய்பவர்களுக்கு இதன் தேவையை அதிகம் விளக்கவேண்டியதில்லை. கணக்கறிக்கையில் ஒரு கையொப்பம் வேண்டுமென்றால் அதை யாராவது பஸ்ஸில் கொண்டுபோக வேண்டும், அல்லது கூரியரில் அனுப்பவேண்டும். அவிசாவளை வழியான ஏ7 வீதியில் மண் சரிந்தால் இரண்டும் நின்றுபோகும். கொழும்புத் தேயிலை ஏலமே 2020 ஏப்ரலில், கொரோனா முடக்கத்தின்போது, இணையத்துக்கு மாறிவிட்டது. ஆனால் ஒரு சிறுதோட்டக்காரரின் வருமானத்தை உறுதிப்படுத்தி வங்கிக்கு எழுதும் கடிதம் இன்னும் முத்திரை குத்திய தாளாகத்தான் மலையிறங்குகிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலால் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் வீதிகள் துண்டிக்கப்பட்டபோது அத்தகைய தாள்கள் மேசையிலேயே கிடந்தன. மின்சாரமும் தொலைபேசிச் சமிக்ஞையும் இல்லாத நாட்களில் டிஜிட்டல் கோப்பும் மேசையிலேயேதான் கிடந்தது என்பதையும் சொல்லியாகவேண்டும். எங்கள் பகுதியில் அவை இரண்டும் வீதிக்கு முன்பே திரும்பி வந்தன என்பதுதான் வேறுபாடு.

மதிப்பீட்டுக்குள் நுழையும் முன் ஒரு தெளிவு வேண்டும். வெள்ளைத் தாளில் போட்ட கையெழுத்தை ஸ்கேன் செய்து, அந்தப் படத்தை வேர்ட் கோப்பின் அடியில் ஒட்டி அனுப்பும் வழக்கம் எங்கள் ஊரில் பரவலாக இருக்கிறது. பலர் அதையே டிஜிட்டல் கையொப்பம் என்று கருதுகிறார்கள். அந்தக் கோப்பைப் பெறும் எவரும் படத்தை வெட்டியெடுத்து வேறொரு கடிதத்தில் ஒட்டிவிடலாம். மேலே உள்ள தொகையை மாற்றினாலும் படம் அப்படியே அழகாக நிற்கும். பாதுகாப்பு என்ற கோணத்தில் அதற்கு எந்தப் பெறுமதியும் இல்லை. நான் மதிப்பிடும் சேவையிலும் கையொப்பப் பெட்டிக்குள் அப்படியொரு படத்தை வைத்துக்கொள்ள வசதி உண்டு. அது வெறும் அலங்காரம். உண்மையான கையொப்பம் கண்ணுக்குத் தெரியாமல் கோப்புக்குள் இருக்கும் ஒரு நீண்ட எண்.

அந்த எண் உருவாகும் விதம் இது. நாம் கையொப்பமிடும்போது மென்பொருள் கோப்பின் தரவை எஸ்.எச்.ஏ.-256 என்ற கணிப்புமுறை வழியே செலுத்தி, 256 பிட் நீளமான ஒரு சுருக்கத்தைப் பெறுகிறது. கோப்பு ஒரு பக்கமாயினும் முந்நூறு பக்கமாயினும் சுருக்கத்தின் நீளம் ஒன்றுதான். ஆனால் ஒரேயொரு புள்ளி மாறினாலும் சுருக்கம் முற்றிலும் வேறாகிவிடும். அந்தச் சுருக்கம் டோக்கனுக்குள் சென்று, அங்குள்ள மறைசாவி என்ற இரகசிய எண்ணால் கையொப்பமாக்கப்பட்டுத் திரும்பி வருகிறது. அந்த மறைசாவிக்கு இணையான பொதுச்சாவி சான்றிதழில் எல்லோருக்கும் தெரியும்படி இருப்பதால், பெறுபவர் அதைக்கொண்டு கையொப்பத்தைச் சரிபார்க்கலாம். ஆனால் பொதுச்சாவியைக்கொண்டு புதிதாகக் கையொப்பமிட முடியாது. இத்தகைய கையொப்பம் சாத்தியம் என்ற கருத்தை 1976 இல் டிஃபி, ஹெல்மன் என்ற இருவர் முன்வைத்தார்கள். அடுத்த ஆண்டே ரிவெஸ்ட், ஷமீர், அடில்மன் மூவரும் அதற்கொரு நடைமுறை வழியைக் கண்டார்கள். அவர்களின் முதலெழுத்துகளைத் தாங்கிய ஆர்.எஸ்.ஏ. முறைதான் எமது டோக்கனிலும் வேலை செய்கிறது. சாவியின் நீளம் 2048 பிட்.

டோக்கனைப் பற்றி எனக்கு முழுத் திருப்தி. மறைசாவி அதன் சில்லுக்குள்ளேயே பிறந்து, அதற்குள்ளேயே இருக்கிறது. அதைக் கணினிக்கோ இன்னொரு டோக்கனுக்கோ பிரதியெடுக்க முடியாது. கணினியை வைரஸ் பிடித்தாலும் சாவி களவுபோகாது. பின் (PIN) எண்ணைக் குறிப்பிட்ட தடவைகளுக்கு மேல் பிழையாக அடித்தால் டோக்கன் பூட்டிக்கொள்ளும். ஆனால் டோக்கனைச் செருகி, பின் எண்ணையும் அடித்து, அப்படியே விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனால், அந்த இடைவெளியில் கணினிக்குள் இருக்கும் தீய மென்பொருள் தான் விரும்பும் கோப்பை அனுப்பிக் கையொப்பம் வாங்கிவிடலாம். அதைவிடப் பெரிய ஆபத்து மனிதர்களிடம் இருக்கிறது: முதலாளிமார் ரப்பர் முத்திரையை எழுதுவினைஞரிடம் கொடுப்பதுபோலவே டோக்கனையும் கொடுத்து, பின் எண்ணை ஒரு துண்டுத்தாளில் எழுதி அதன் மேலேயே ஒட்டிவைக்கிறார்கள். சாவி பிறர் கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் 2010 இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட். அந்தத் தீய மென்பொருளின் சில பகுதிகள் இரண்டு தைவான் நிறுவனங்களிடமிருந்து களவாடப்பட்ட சாவிகளால் கையொப்பமிடப்பட்டிருந்ததால், விண்டோஸ் கணினிகள் அவற்றை நம்பகமானவை என ஏற்றுக்கொண்டன. யாருடைய சாவி பயன்பட்டது என்பதைத்தான் கையொப்பம் சொல்லும். அந்தச் சாவி யார் கையில் இருந்தது என்பதை அது அறியாது.

சேவையை ஏற்பதா என்று முடிவெடுக்கும் முன் நான் செய்து பார்த்த சோதனையைச் சொல்லவேண்டும். கொழுந்து வழங்கல் பற்றிய ஒரு மாதிரி உறுதிப்படுத்தற் கடிதத்தில் நிறை 1,240 கிலோ என்று எழுதி, பி.டி.எஃப். ஆக்கி, கையொப்பமிட்டேன். பிறகு வேறொரு கணினியில், பி.டி.எஃப். திருத்தும் மென்பொருள் ஒன்றால், 2 ஐ 3 ஆக மாற்றி 1,340 ஆக்கிச் சேமித்தேன். எழுத்துருவும் நிறமும் இடைவெளியும் சிறிதும் பிசகவில்லை. அச்சிட்டுப் பார்த்தால் எந்தக் கணக்காளரும் ஏமாந்துபோவார். அதே கோப்பை அக்ரோபாட் ரீடரில் திறந்ததும், கையொப்பமிட்ட பின் ஆவணம் மாற்றப்பட்டுள்ளது என்ற எச்சரிக்கை சிவப்பு அடையாளத்துடன் வந்தது. திருத்தம் கோப்பின் இறுதியில் மேலதிகமாகச் சேர்க்கப்பட்டிருந்ததால், கையொப்பமிட்ட பதிப்பைத் தனியாகத் திறந்து பார்க்கவும் முடிந்தது. அதில் 1,240 அப்படியே இருந்தது.

இன்னொரு சோதனையின் விளைவு இவ்வளவு மகிழ்ச்சியானதாக இல்லை. அதே கோப்பிலிருந்து கையொப்பத்தையே முற்றாக நீக்கிவிட்டு, நிறையை மாற்றி, அலங்காரப் படத்தை மட்டும் விட்டுவைத்தேன். இப்போது எந்த எச்சரிக்கையும் இல்லை, ஏனெனில் சரிபார்க்கக் கையொப்பமே இல்லை. இந்த அனுப்புநரிடமிருந்து வரும் கடிதத்தில் கையொப்பம் இருந்தே ஆகவேண்டும் என்று தெரிந்த பெறுநருக்கு மட்டுமே அந்த இன்மை ஒரு எச்சரிக்கையாகும். ஆகவே எமது கடிதத் தலைப்பின் அடியிலேயே, டிஜிட்டல் கையொப்பம் இல்லாத பி.டி.எஃப். எமதல்ல என்று அச்சிடத் தொடங்கினோம். ரீடர் மென்பொருளைப் பழைய பதிப்பில் வைத்திருப்பதும் கூடாது. 2019 இல் ஜெர்மனியின் போகும் (Bochum) என்ற நகரிலுள்ள ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்த 22 கணினி ரீடர்களில் 21, ஏதோவொரு விதத்தில் மாற்றப்பட்ட கோப்பையும் செல்லுபடியான கையொப்பம் உடையதாகக் காட்டின. கணிதம் தவறவில்லை, கோப்பின் எந்தப் பகுதிக்குக் கையொப்பம் போடப்பட்டது என்பதை ரீடர்கள் சரியாகப் பார்க்கவில்லை. அதன் பின் திருத்தங்கள் வெளிவந்தன. அவற்றை நிறுவிக்கொள்வது நம் பொறுப்பு.

தமிழில் கடிதம் எழுதுவோர் கவனிக்கவேண்டிய விடயம் ஒன்றை எந்தக் கையேட்டிலும் நான் காணவில்லை. நம் அலுவலகங்களில், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பழைய பாமினி எழுத்துரு இன்னும் ஆட்சி செய்கிறது. பாமினியில் தட்டச்சிட்ட ஆவணத்தை, எழுத்துருவை உள்ளடக்காமல் பி.டி.எஃப். ஆக்கி அனுப்பினால், பாமினி இல்லாத கணினியில் அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும். ஆனால் கையொப்பம் செல்லுபடியானது என்ற பச்சை அடையாளம் மேலே கம்பீரமாக நிற்கும். கையொப்பம் காப்பது கோப்பிலுள்ள பைட்டுகளையே. பெறுபவரின் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்பதற்கு அது உத்தரவாதம் தராது. எனவே யூனிகோடில் எழுதுவதும், எழுத்துருக்களைக் கட்டாயமாக உள்ளடக்கும் பி.டி.எஃப்./ஏ வடிவில் சேமிப்பதும், அதன் பிறகே கையொப்பமிடுவதும் நல்லது. கையொப்பமிட்ட பின் கோப்பின் அளவைச் சுருக்கும் இணையத் தளங்களில் அதை ஏற்றினால் கையொப்பம் குலைந்துவிடும் என்பதையும் எழுதுவினைஞர்களுக்குச் சொல்லிவைக்கவேண்டும்.

இனி வழங்குநரின் சேவைக்கு வருவோம். விண்ணப்பத்துக்கு அடையாள அட்டை, வணிகப் பதிவு, முகவரிச் சான்று ஆகியவற்றைக் கேட்டார்கள். கையொப்பமிடப்போகும் ஆளை நேரடியாகப் பார்க்கவேண்டும் என்றும் வற்புறுத்தினார்கள். மலையேறி இறங்குபவருக்கு இது சுமைதான், ஆயினும் இதில் நான் குறைகாணமாட்டேன். ஒரு பொதுச்சாவி இன்னாருடையது என்று உறுதி கூறுவதே சான்றிதழின் ஒரே வேலை. ஆளைச் சரிவரப் பார்க்காமல் வழங்கினால் மீதி எல்லாக் கணிதமும் வீண். குறை வேறிடத்தில் இருக்கிறது. தோட்டப் பகுதியில் பிறந்த பலரின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் வேறு விதமாகவும், வங்கிக் கணக்கில் மூன்றாவது விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும்; தந்தையின் பெயர் முன்னால் வருவதா பின்னால் வருவதா என்பதிலும் குழப்பம் உண்டு. எங்கள் பங்குதாரர் ஒருவரின் விண்ணப்பம் இந்தக் காரணத்துக்காகவே திருப்பி அனுப்பப்பட்டது. பெயர் ஒன்றாக இருக்கவேண்டும் என்பது சரியான விதி. ஆனால் எந்த ஆவணத்தின் எழுத்துக்கூட்டலை ஆதாரமாக எடுப்பார்கள் என்பதை விண்ணப்பப் படிவத்திலேயே சொல்லியிருந்தால் அந்த அலைச்சல் தவிர்ந்திருக்கும். வழிகாட்டிகள் ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளன. தொலைபேசி உதவியில் சிங்களமும் ஆங்கிலமும் தாராளம். தமிழில் பேசக்கூடியவர் அன்று கடமையில் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். பணம் வாங்கும் சேவை ஒன்று இந்த நாட்டில் இப்படி இருப்பது ஏற்கத்தக்கதன்று.

மென்பொருள் பரவாயில்லை. விண்டோஸில் ஒழுங்காக வேலை செய்கிறது. கைத்தொலைபேசியிலிருந்து இந்த டோக்கனால் கையொப்பமிட முடியாது.

நம்பிக்கைச் சங்கிலிதான், அதாவது எமது சான்றிதழை வழங்கியவரைப் பெறுபவரின் கணினி நம்புகிறதா என்பதுதான், புதியவர்களை அதிகம் திணறடிக்கும் இடம். எமது கையொப்பத்தை முதன்முறை திறந்த கொழும்பு வாடிக்கையாளர் ஒருவருக்குப் பச்சை அடையாளத்துக்குப் பதிலாக, கையொப்பத்தின் செல்லுபடித் தன்மை அறியப்படவில்லை என்ற மஞ்சள் எச்சரிக்கை வந்தது. போலி என்று அவர் பயந்துவிட்டார். எமது சான்றிதழை வழங்கியவரின் மூலச் சான்றிதழ் (வழங்குநரையே அடையாளம் காட்டும் சான்றிதழ்) அந்த வாடிக்கையாளருடைய ரீடரின் நம்பிக்கைப் பட்டியலில் இல்லை என்பதே அதன் பொருள். அந்த மூலச் சான்றிதழை ஒருமுறை சேர்த்துவிட்டால் எச்சரிக்கை போய்விடும். ஆனால் அதை யாரோ மின்னஞ்சலில் அனுப்பினார்கள் என்பதற்காகச் சேர்ப்பது வாசற்கதவின் சாவியை வழிப்போக்கனிடம் கொடுப்பதற்குச் சமம். நாங்கள் கையாண்ட முறை இது: அவர் மூலச் சான்றிதழை வழங்குநரின் தளத்திலிருந்து தாமே இறக்கிக்கொண்டார், பிறகு அவரும் நானும் தொலைபேசியில், அதன் எஸ்.எச்.ஏ.-256 சுருக்கமான கைரேகையின் 64 எழுத்துகளையும் நான்கு நான்காக வாசித்து ஒப்பிட்டுக்கொண்டோம். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் ஒருமுறை மட்டுமே. வழங்குநரே வீழ்ந்தால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு 2011 இல் நெதர்லாந்தில் நடந்ததைச் சுட்டிக்காட்டலாம். டிஜிநோட்டார் என்ற சான்றிதழ் வழங்குநரின் கணினிகளுக்குள் ஊடுருவியவர்கள் கூகிள் உள்ளிட்ட தளங்களின் பெயரில் போலிச் சான்றிதழ்களை உருவாக்கினார்கள். உலாவிகள் அந்நிறுவனத்தைத் தம் நம்பிக்கைப் பட்டியலிலிருந்து நீக்கின. சில வாரங்களில் அது வங்குரோத்து அடைந்தது.

வாங்குவோர் கட்டாயம் கேட்கவேண்டிய கேள்வி நேர முத்திரை பற்றியது. சான்றிதழுக்கு ஓர் ஆயுள் உண்டு. கணக்கறிக்கைக்கு அதைவிட நீண்ட ஆயுள் வேண்டும். கையொப்பத்தில் பதிவாகும் நேரம் எமது கணினியின் கடிகாரத்திலிருந்து வந்ததாயின் அதற்கு மதிப்பில்லை, ஏனெனில் கடிகாரத்தை எவரும் பின்னோக்கித் திருப்பலாம். நம்பகமான மூன்றாம் தரப்பு ஒன்றின் நேர முத்திரையும், அந்த நேரத்தில் சான்றிதழ் இரத்துச் செய்யப்பட்டிருக்கவில்லை என்ற தகவலும் கோப்புக்குள்ளேயே சேர்க்கப்பட்டிருந்தால், சான்றிதழ் காலாவதியான பின்பும், செல்லுபடியாக இருந்தபோதே கையொப்பமிடப்பட்டது என்று நிறுவ முடியும். இந்தச் சேவையில் அந்த வசதி இருக்கிறது, ஆனால் தொடக்கத்தில் அணைத்துவைக்கப்பட்டிருக்கிறது. அமைப்புகளுக்குள் சென்று நாமே இயக்கவேண்டும். இவ்வளவு முக்கியமான ஒன்றை இயல்பாகவே இயங்கும்படி வைக்காதது அலட்சியம். நேர முத்திரைக்குக் கையொப்பமிடும் கணத்தில் இணைய இணைப்புத் தேவை. மழைக்கால மாலைகளில் ஹட்டனில் அது எப்போதும் வாய்ப்பதில்லை.

சட்டப் பக்கம் உறுதியாகவே இருக்கிறது. 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டமும், அதற்கு 2017 இல் கொண்டுவரப்பட்ட திருத்தமும் இலத்திரனியல் ஆவணங்களையும் கையொப்பங்களையும் ஏற்கின்றன. எனினும் இறுதி விருப்பாவணம், அற்றோணித் தத்துவம், நம்பிக்கைப் பொறுப்பு, மாற்றுண்டியல், அசையா ஆதனத்தை விற்பதற்கோ கைமாற்றுவதற்கோ செய்யும் ஒப்பந்தம் ஆகியவற்றைச் சட்டம் விலக்கிவைத்திருக்கிறது. காணி உறுதி மலையக மக்களின் நெடுங்காலக் கோரிக்கையாக இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: டோக்கன் வாங்கினால் வீட்டுக் காணி அலுவலையும் கணினியிலேயே முடித்துவிடலாம் என்று எவராவது சொன்னால் நம்பவேண்டாம், அதற்கு நொத்தாரிசும் சாட்சிகளும் இன்றும் தேவை.

சட்டம் ஏற்பதை மேசைகள் ஏற்பதில்லை என்பதே நடைமுறைத் தொல்லை. ஒரு நிதி நிறுவனத்தின் கிளைக்கு எமது கையொப்பமிட்ட கணக்கறிக்கையை மின்னஞ்சலில் அனுப்பினோம். அங்குள்ள உத்தியோகத்தர் அதை அச்சிட்டு, அச்சுப் பிரதியில் எமது முத்திரை இல்லை என்று கூறி, முத்திரையிட்ட பிரதியைக் கேட்டார். அச்சிட்ட கணத்திலேயே கையொப்பம் போய்விட்டது. தாளில் எஞ்சியது அந்த அலங்காரப் படம் மட்டுமே. திரையைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் இதே கதைதான். அந்த உத்தியோகத்தரைக் குறைசொல்லவும் மனம் வரவில்லை. கோப்பைத் திறந்து பச்சை அடையாளத்தைச் சரிபார்த்து, யாருடைய பெயரில் சான்றிதழ் இருக்கிறது என்று பார்த்து, அந்தக் கோப்பையே பாதுகாத்துவைக்கவேண்டும் என்று அவருக்கு எவரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. வழங்குநர் எமக்கு விற்றதுபோலவே பெறுபவருக்கும் ஒரு பக்கத்தில், மூன்று மொழிகளிலும், சரிபார்க்கும் முறையை எழுதித் தரலாம். தராதபடியால் நாங்களே ஒன்றைத் தயாரித்து ஒவ்வொரு மின்னஞ்சலோடும் இணைக்கிறோம்.

கொழும்பிலும் வெளிநாட்டிலும் உள்ள வாடிக்கையாளருக்குத் தொடர்ச்சியாக ஆவணம் அனுப்பும் அலுவலகங்கள், சிறு ஏற்றுமதியாளர்கள், தேயிலைத் தொழிற்சாலைகளின் கணக்குப் பிரிவினர் ஆகியோர் இதைத் தயங்காமல் வாங்கலாம். ஆண்டுக்கு இரண்டு மூன்று கடிதங்கள் மட்டும் அனுப்புபவருக்கு டோக்கனுக்கும் சான்றிதழுக்கும் தனித்தனியே கட்டும் பணம் நட்டம்தான். அவர்கள் கூரியரையே நம்பியிருக்கலாம். வாங்க முடிவெடுப்பவர்கள் சான்றிதழ் தொடங்கும் மாதத்தைக் கவனமாகத் தெரிவுசெய்யட்டும். வருமான வரி விபரத்திரட்டுக்கான இறுதி நாள் நவம்பர் 30. எங்களுடைய முதற் சான்றிதழ் அந்த நெருக்கடியின் நடுவில் முடிந்தது, புதுப்பித்தல் பற்றிய அறிவித்தலும் பிந்தியே வந்தது. இம்முறை சற்று முன்கூட்டியே புதுப்பித்து, காலத்தை யூலைக்கு நகர்த்தியிருக்கிறோம்.